மேசையிலிருந்து மலையேறிய உன் ராஜ்ஜியம்

என் ஆசை மச்சான் சந்திரனுக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரிலிருந்து அங்கே வரும் யாராவது உன் காதில் போடுவதற்கு முன், நானே சொல்வதுதான் மரியாதை. போன ஞாயிறு, பட்டப்பகலில், என் மனைவியின் பூப்போட்ட நைட்டியை மந்திரவாதியின் அங்கியாக மாட்டிக்கொண்டு, தேயிலை மலை நடுவே ஒரு டர்பன்டைன் மரத்தைப் பார்த்து, "அடே அரக்கா, வழிவிடு!" என்று கத்தினேன். ஐம்பத்திரண்டு வயதில். தொப்பையோடு.

எல்லாம் உன்னால் வந்த வினை. நுவரெலியா ஓட்டல் குசினியில் நீ வேலை பார்த்தபோது, யாரோ வெள்ளைக்காரப் பையன் உனக்குப் பரிசாகக் கொடுத்துப்போன பெட்டி அது. உள்ளே ஓர் இங்கிலீஷ் புத்தகம், விதவிதமான முகங்கள் கொண்ட தாயக்கட்டைகள். ஆளுக்கொரு வேடம் எடுத்து, "நான் இப்படிச் செய்கிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலித்ததா என்று கட்டை சொல்லும். கதையை நீ நடத்துவாய். மேசையும் நாலு பேரும் போதும் என்றாய். புத்தகத்துக் கோட்டையைப் பழைய ஃபெக்டரியாக்கினாய். நெருப்புக் கக்கும் பிராணியை நம் காட்டுச் சிறுத்தையாக்கினாய். பாவம், கோழி திருடுவதைத் தவிர அதற்கு வேறு தீங்கு தெரியாது.

கடைசியாக எங்களை ஓர் இரும்புக் கதவின் முன் நிறுத்தினாய். "அடுத்த ஞாயிறு தெறக்கும், அதோட கதை முடியுது" என்றாய். வியாழக்கிழமையே போய்விட்டாய். கதவுக்குப் பின்னால் என்னதான் வைத்திருந்தாய், மச்சான்? என் தங்கச்சி சரோஜாவிடம்கூடச் சொல்லவில்லையே.

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் உன் வீட்டுக்குப் போனோம்: நான், திலகா டீச்சர், ஆட்டோ ராஜூ. விளையாடவில்லை. சரோஜா தரும் டீயைக் குடிப்போம், உன் நாற்காலியைப் பார்க்காதது மாதிரி ஊர்வம்பு பேசுவோம். அதில் எனக்கு இன்னும் நிகரில்லை. போன மாதம் ராஜூதான் உடைத்துப் பேசினான்.

"மேசையில ஒக்காந்தா அந்த நாற்காலிதான் கண்ணுக்குத் தெரியுதுண்ணே. எந்திரிச்சு மலைக்குப் போவோம். வாயால சொன்னதயெல்லாம் ஒடம்பால செய்வோம். திவசத்துக்கு முன்னுக்கு அண்ணன் கதைய முடிச்சு வச்சிருவோம்."

"முடிக்கத்தான் வேணும்" என்றார் டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் அவர் பேச்சு மலையேறவில்லை. "அரைகுறையா விட்டா அந்த மனிசனுக்கு நிம்மதி இராது. ஆனா கணேஸ், உந்தச் செடியளை மிதிச்சு முறிச்சா, தோட்டத்துத் துரைக்கு நீர்தான் பதில் சொல்லோணும்."

கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த சரோஜா நிமிராமலே கேட்டாள்: "கதை முடிஞ்சிருச்சுன்னா, அப்புறம் ஞாயித்துக்கெழம நீங்க யாரும் வரமாட்டீங்கள்ல, அண்ணே?"

ஊரே என் வாய்க்குப் பயப்படும். அன்று நான் கோப்பையின் அடியில் கிடந்த தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்பால் விளையாடுவது லேசில்லை என்று ஒத்திகையிலேயே தெரிந்தது, மச்சான். மேசையில் ஏழு மலையை ஒரு மடக்கு டீக்குள் தாண்டினோம். இங்கே முதல் ஏற்றத்திலேயே மந்திரவாதிக்கு மூச்சு வாங்கியது. "அரக்கன் மேல் பாய்கிறேன்" என்று சொன்னால் போதும் அப்போது. இப்போது பாய வேண்டும், என் முட்டியைக் கேட்டுவிட்டு. கட்டையை உருட்டிப் பார்த்தோம். உருண்டது, ஓடையோரச் செடிக்குள் போனது, ராஜூ காலில் ஒட்டிய ஓர் அட்டையோடுதான் திரும்பினான்.

வழி சொன்னது, தினமும் மலையில் கொழுந்தெடுக்கும் உன் சரோஜா. "கண்ண மூடிக்கிட்டு ஒரு கொழுந்து கிள்ளுங்க. நுனியில மொட்டு இருந்தா பலிச்சிச்சு. இல்லாட்டி தோத்தீங்க."

"நீயும் வா, தங்கச்சி."

"நான் எதுக்குண்ணே? எங்கையி கிள்ளினா மொட்டோடதான் வரும். கள்ள ஆட்டமாப் போயிரும்."

ஆனால் கதவைக் காக்க ஓர் ஆள் வேண்டுமே. கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சம்மதிக்க வைத்தோம்.

போன ஞாயிறு காலை ஓடையோரத்து மலையில் தொடங்கினோம். நான் மரத்தைப் பார்த்துக் கத்தியதும் லயத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். நைட்டி, கலைந்த தலை, கையில் மந்திரக்கோலாக வாசல் பெருக்கும் கூட்டுமாத்துக் கம்பு. எனக்குச் சாமி வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

"காமன் கூத்துக்கு வேசங்கட்ட இன்னும் நாள் இருக்கேடி?" என்றாள் ஒருத்தி.

"சாமிக்கு நாளு தெரியுமாக்கும்!" என்று மற்றவள் என் நெற்றி நிறையத் திருநீறு அப்பினாள். "சாமி, எம் மகனுக்கு சவூதியில வேல கெடைக்குமா?"

டீச்சர் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்: "ஓமெண்டு சொல்லும், ஐசே! கதவுக்கு நேரம் போகுது." நான் "கிடைக்கும்" என்றேன். கிடைக்காவிட்டால் நீதான் மேலிருந்து ஏதாவது பார்த்துச் செய்ய வேண்டும்.

கதவு என்று நாங்கள் வைத்தது உச்சி மலையில், காட்டுக்குப் போகும் பழைய இரும்புக் கேட். அதன் முன்னால் உன் ஓட்டல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு சரோஜா நின்றாள். சிரிக்கத்தான் வாயெடுத்தோம். முடியவில்லை.

"யாருங்க நீங்க? எதுக்கு வந்தீங்க?"

"கதைய முடிக்க வந்தோம், அக்கா... இல்ல, காவல்காரரே!" என்றான் ராஜூ.

மொட்டு வந்தால் கதவு திறக்கும், கதை முடியும். காவல்காரர்தான் கிள்ள வேண்டும். அவள் கண்ணை மூடினாள். வழக்கமாக அவள் விரல் செடியைத் தொட்டது தெரியாது, கொழுந்து கூடைக்குள் கிடக்கும். அன்று கை நிதானமாக இலைகளுக்குள் போனது. தடவியது. நின்றது. பிறகு கிள்ளி நீட்டினாள்.

இரண்டு இலை. மொட்டு இல்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராஜூ என்னைப் பார்த்தான். நான் காட்டைப் பார்த்தேன். இருட்டிலும் மொட்டறிந்து கிள்ளும் கை அது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

"இன்னைக்குத் தெறக்காது" என்றாள் சரோஜா. "அடுத்த ஞாயிறு வாங்க. இப்ப எறங்குங்க, டீ ஊத்தித் தாறேன்."

தோற்றுவிட்டு இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மலையிலிருந்தும் இறங்கியதில்லை, மச்சான்.

உன் திவசத்துக்குள் கதை முடியாது, கோபிக்காதே. ஞாயிறு தவறாமல் உன் வீட்டுக்குப் போவோம், மலையேறுவோம், அவளிடம் தோற்போம். தப்பித் தவறி ஒருநாள் கதவு திறந்துவிட்டால், உள்ளே இன்னொரு கதவு வைத்துவிடுகிறேன். இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணனும், ஆகவே உனக்கு மச்சானுமான
கணேசன்

பி.கு.: நேற்று இதையெல்லாம் கண் கலங்க, கொழுந்து மலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "மழையில்லாம உச்சி மலையில இப்ப எந்தக் கொழுந்துலங்க மொட்டு இருக்கு? சரோசா இல்ல, அந்த முருகனே எறங்கிவந்து கிள்ளினாலும் கெடைக்காது."