வாசலை அடைத்த செப்டிக் டேங்க் குழி

குண்டு, உன் பெயருக்கு வந்த நோட்டீசுக்கு நான் பதில் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே.

அனுப்புநர்:
குண்டுவின் அக்கா,
கிணற்று வீட்டுக்கு அடுத்த வீடு,
தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: என் தம்பி தன் இஷ்டத்துக்குக் குழி தோண்டினான் என்று நோட்டீசில் இருப்பதை நீக்கவும், குழியை மூடிப் பின்பக்கம் டேங்க் கட்ட வழிசெய்யவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

முதல் இரண்டு வரி என் தம்பிக்கு எழுதியது. அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மீதி எல்லாம் தங்களுக்கு.

1. தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டினான். கனத்த உடம்பு. தெருவே குண்டு என்றுதான் கூப்பிடும், அவனும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பான். முட்டி தேய்ந்து போய், தெருக்கோடிப் பொதுக் கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. வெளியே நிற்பவரைக் கை கொடுக்கச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த வெட்கம் தாங்காமல்தான் வீட்டிலேயே நாற்காலி மாதிரி உட்காரும் கக்கூஸ் வைக்க ஆசைப்பட்டு, செப்டிக் டேங்குக்கு மனு போட்டான். தங்கள் அலுவலகமும் அனுமதி கொடுத்தது.

2. இடம் குறிக்கச் சுகாதார ஆய்வாளர் வந்தார். பின்பக்கம் குறிக்கச் சொன்னோம். பக்கச் சந்து குறுகல், ஜேசிபி போகாது, ஆள் வைத்துத் தோண்டினால் நாளாகும் என்று வாசல் பக்கமே போதும் என்றார். பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே போதிய தூரம் இருக்க வேண்டுமாம். அதை அளக்கக் கிணற்றடிக்குப் போக வேண்டும். அங்கே அவர்கள் நாயைக் கட்டியிருந்தார்கள். டேப் பிடித்தவர் உள்ளே போகப் பயந்து மதில் வரைக்கும் அளந்தார். மிச்சத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டார்கள். "சார், நாயை நான் பிடிச்சுக்கிறேன்" என்று தம்பி சொன்னான். "நீங்க பிடிச்சா நாய்தான் பயப்படும்" என்று ஆய்வாளர் சிரித்தார். பிறகு தன் கையாலேயே சுண்ணாம்புக் கோடு போட்டார்.

3. அந்தக் கோட்டின்படிதான் ஜேசிபி தோண்டியது. பக்கத்து வீட்டம்மா தன் கிணறு கெட்டுவிடும் என்று புகார் செய்தார். அது நியாயம்தான். இன்னொரு அலுவலர் வந்து, நாயை அவிழ்த்துக் கொண்டுபோகச் சொல்லி, ஒழுங்காக அளந்தார். தூரம் போதவில்லை. வேலையை நிறுத்தினார். அதோடு சரி. குழியைக் கட்டவும் இல்லை, மூடவும் விடவில்லை. வீட்டுக்கு வேறு வழி கிடையாது. தங்கள் அலுவலகத்துக்கு நான் நடையாய் நடந்தேன். "பள்ளம்தானேம்மா, பலகை போட்டுத் தாண்டிப் போங்க" என்றார்கள். மழையில் ஓரம் சரிந்து, படிக்கட்டும் பாதி உள்ளே போயிற்று.

4. ஒருநாள் காலையில் தம்பி மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆம்புலன்ஸ் உடனே வந்தது. ஸ்ட்ரெச்சர் குழிக்கு அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம். பலகை அவனையும் தூக்குகிற ஆட்களையும் தாங்காது. கடைசியில் போர்வையில் கிடத்தி, பக்கத்து வீட்டு மதில் மேலே ஏற்றி இறக்கினோம். புகார் செய்த அந்த அம்மாவே ஒரு முனையைப் பிடித்தார். தம்பிக்கு நினைவு இருந்தது. "அக்கா, மெதுவா. மதில் விழுந்துடப் போகுது" என்றான். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. இருதயம் என்றார் டாக்டர். குழிதான் கொன்றது என்று நான் எழுதவில்லை. மதில் ஏறி இறங்கிய நேரத்தை மட்டும் தாங்கள் கணக்கில் வைக்கவும்.

5. அவனை எரித்த சூடு ஆறும் முன்னே நோட்டீஸ் வந்தது. அலுவலரின் பேச்சை மீறி, தன்னிச்சையாகக் குழி தோண்டினானாம். எடுத்துக்கொண்டு ஆய்வாளரிடம் போனேன். "கோடு போட்ட அன்னைக்குச் சாயங்காலமே வேன் பக்கத்துல பார்த்து, தோண்ட வேணாம்னு சொன்னேம்மா. உங்க தம்பிதான் கேக்கல" என்கிறார். கூட யார் இருந்தார்கள் என்றேன். யாரும் இல்லையாம், அவனும் அவரும்தானாம். நல்ல சாட்சியாகத்தான் பார்த்திருக்கிறார், ஐயா. எழுந்து வந்து இல்லை என்று சொல்ல மாட்டான் அல்லவா.

6. அவர் கோடு போட்டதை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன் என்று சொல்லப் பக்கத்து வீட்டம்மா தயார். அவரையும் என்னையும் வைத்துக்கொண்டு ஆய்வாளரை விசாரியுங்கள். என் தம்பி பேச்சை மீறினான் என்ற வரியை முதலில் அடியுங்கள். குழியை மூடுவதும் பின்பக்கம் ஆள் வைத்துத் தோண்டுவதும் அதற்குப் பிறகு. அந்த வரி இருக்கும்வரை ஒரு கூடை மண்ணும் உள்ளே போட விடமாட்டேன். போட்டால் நாங்கள் செய்த தப்பை நாங்களே மூடியது போல் ஆகிவிடும். தயவுசெய்து தாங்களே நேரில் வந்து பார்க்கவும். பலகை போட்டு வைக்கிறேன்.

நாள்: 14.11
இடம்: குழிக்கு உள்பக்கம், என் வீடு

பணிவுடன்,
(கையொப்பம்)
அக்கா

குண்டு, வேனில் எந்தப் பிள்ளை அழுதது என்பதைக்கூட வந்ததும் என்னிடம் சொல்லுவாய். அந்த ஆள் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்கிட்ட சொல்லாம இருந்திருப்பியா?