தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டு

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் நீ வளர்க்கும் செடிகொடிகளும் சுகம் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். அடுத்த வரியில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும், நீ போன நாளிலிருந்து எழுதியும் வந்திருக்கிறேன், இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. வாராவாரம் போனில் பேசுகிறவள் எதற்குத் திடீரென்று கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். போனில் எங்கே பேச முடிகிறது, உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் இருமினால்கூட எதற்கு இருமினாய் என்று கேட்கிறார். இப்போது முடிவெட்டப் போயிருக்கிறார். அந்தக் கடைக்காரர் வாயைத் திறந்தால் கத்தரி நின்றுவிடும் என்று உனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. தையல் மெஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உன் தம்பி நன்றாக இருக்கிறான், அச்சகத்தில் இரவு ஷிப்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். அவனுக்கும் நான் எழுதப்போகும் விஷயம் தெரியாது. மாடி வீட்டு ரேடியோ வழக்கம்போல் ஒலிபரப்பில் இருக்கிறாள், நாங்கள் கப்பலில் போகிறோம் என்று தெருவெல்லாம் சொல்லி முடித்து இப்போது பக்கத்துத் தெருவை ஆரம்பித்திருக்கிறாள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடைத் துணி தலைக்கு மேல் கிடக்கிறது. நேற்று ஒரு பையனுடைய சட்டைக்கு இரண்டு இடது கையைத் தைத்து வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தப்புப் பண்ணியதில்லை, என் மனம் எங்கே இருக்கிறது என்று இதிலேயே தெரிந்துகொள்.

இந்தக் கப்பல் யோசனையை வீட்டுக்குள் கொண்டுவந்தவளே நான்தான். அங்கேயே தங்குவதற்கான உன் காகிதம் கைக்கு வரும்வரை நீ அந்த நாட்டை விட்டு நகரக் கூடாது, நாங்கள் விசா கேட்டு இரண்டு தடவையும் இல்லை என்று திருப்பிவிட்டார்கள், மூன்றாவது தடவை கேட்க உங்கப்பாவுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. பேண்ட்டைச் சுருக்கித் தைக்க வந்த டிராவல்ஸ் பெண்தான், கப்பல் பயணிகள் என்றால் விசா இல்லாமலே காலையில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு மாலைக்குள் ஏறிவிடலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். உன் ஊர்த் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கும் கப்பல் இருக்கிறது என்றதும் ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றையிலிருந்து என் வெட்டு மேஜை உங்கப்பாவுடையது. அதன்மேல் உன் ஊர் வரைபடத்தை விரித்து, என் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, என் அளவு நாடாவால் அளந்து, துறைமுக வாசல், பஸ் நிற்கும் இடம், மலைமேல் ஏறும் வளைவு, தண்ணீர்த் தொட்டி, அங்கே இறங்கி நீ வேலை பார்க்கும் தோட்டத்து வாசல்வரை அந்த ஏற்றம் என்று எல்லாவற்றையும் குறித்துவிட்டார். ஓய்வு பெற்றாலும் பஸ் டிரைவர் புத்தி போகுமா, முதலில் திரும்பி வரும் பஸ்ஸைத்தான் முடிவு பண்ணினார். கடைசி பஸ்ஸை நம்புறவன் டிரைவரே இல்ல என்று அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று முன்னால் தள்ளிக்கொண்டே போனதில் தோட்டத்தில் நிற்க மிஞ்சிய நேரம் ஒரு சினிமாவில் பாதிகூட இல்லை. கப்பல்காரர்களே உன் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறார்களே, அவர்கள் வண்டி கப்பலுக்குப் பக்கத்திலேயே வந்து ஏற்றுமாம், தாமதமானால் கப்பலும் காத்திருக்குமாம், தனியாகப் போகிறவர்களுக்குத்தான் காத்திருக்காதாம், அதிலேயே போகலாமே என்று கெஞ்சிப் பார்த்தேன். கொடியைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் முன்னால போவான், அவன் நிறுத்துற இடத்துலதான் நிக்கணும், எம்பொண்ணு ஏணி போட்டிருக்கிற இடத்துல அவன் நிறுத்துவானா என்றார். சரி, உன்னைத் துறைமுகத்துக்கே வரச் சொல்லலாம் என்றால் அதற்கும் ஒற்றைக் காலில் நிற்கிறார். அவள் லீவு போடக்கூடாது, காகிதம் பாக்கியிருக்கிற சமயத்தில் மேலதிகாரியிடம் கெட்ட பெயர் எடுக்கக்கூடாது என்பது ஒன்று. இன்னொன்று அவர் சொன்னபடியே எழுதுகிறேன். என் வேலைய அவ பார்த்திருக்கா, அவ வேலைய நான் பார்க்க வேண்டாமா என்றார். பள்ளிக்கூடம் விட்டதும் டிப்போவுக்கு ஓடி, அவர் வண்டியில் முன் சீட்டில் ஏறிக்கொண்டு, அவர் கியர் போடும்போதெல்லாம் நீயும் இல்லாத கியரைப் போடுவாயே, அதைத்தான் சொல்கிறார். நீ அந்தப் பெரிய கத்தரியை வைத்துக்கொண்டு ஏணிமேல் நின்று வேலியை வெட்டுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

இனி எழுதப்போவதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் தலைமேல் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை மீறினால் என் தலை வெடிக்கட்டும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பேன். உங்கப்பாவுக்கு இதயம் வீங்கிப்போயிருக்கிறது. படிக்கட்டு ஏறினால் உதடு நீலம் பாய்கிறது, காலை அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது நாளை எண்ணுகிற நிலைமைம்மா, கப்பல் கிப்பல்னு பேசாதீங்க என்றார். இவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்து, இன்ஜின் ஓடுதா இல்லையா டாக்டர், ஓடுற வரைக்கும் ஓட்டலாம் என்று சிரிக்கிறார். அந்த டாக்டரும் சிரித்துவிட்டார். போகாதே என்று தடுத்தால் உன்னைப் பார்க்காமலே போய்விடுவார், போ என்று விட்டால் அந்த ஏற்றத்தில் விழுந்துவிடுவார். இரண்டில் எது பாவம் என்று எனக்குத் தெரியவில்லை கண்ணு.

புது வழியில் வண்டி எடுப்பதற்கு முன்னால் காலி வண்டியில் ஒரு தடவை போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். அதேபோல இங்கேயே ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். கூட்ஸ் ஷெட் வாசலிலிருந்து பஸ் ஏறினால் மேட்டுப் பூங்காவுக்கு ஏறக்குறைய அதே தூரம், அதே ஏற்றம் என்று கண்டுபிடித்துவிட்டார். தொப்பி, தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா சகிதம் கிளம்புவோம். முதல் தடவை வழி முழுக்க அந்த டிரைவருக்குக் கிளட்ச் பாடம் நடத்திக்கொண்டு வந்தார், மனுஷன் இறக்கிவிட்டுவிடுவானோ என்று எனக்குப் பயம். இரண்டாவது தடவை ஏற்றத்தில் பாதியிலேயே மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். ஷூவில் கல் என்றார். கழற்றி உதறினார், திரும்பத் திரும்ப உதறினார், ஒரு கல்லும் விழவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு, இந்தத் தடவை நீ முன்னால போ, நான் பின்னால வரேன் என்றார். டிக்கெட் நான் வாங்க வேண்டும், இறங்கும் இடத்தை நான் சொல்ல வேண்டும், திரும்பும் பஸ்ஸை நான் விசாரிக்க வேண்டும். கிழவருக்குச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டே செய்தேன். போன வாரம் என்னை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு அவர் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கித் தொலைத்தேன், பார்த்துக்கொண்டே இருந்தவர் வாயைத் திறக்கவில்லை, பின்னாலேயே இறங்கி வந்து, தப்புப் பண்ணினாத்தான் வழி மனசுல நிக்கும் என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அவர் ஓய்வு பெற்ற மாதம் புது டிரைவருக்கு லைன் காட்டினாரே. முதலில் பழைய ஆள் ஓட்டுவார், புது ஆள் பக்கத்தில் நிற்பான். பிறகு புது ஆள் ஓட்டுவான், பழைய ஆள் பக்கத்தில் நிற்பார். கடைசி நடையில் பழைய ஆள் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசமாட்டார். அதற்கு மறுநாள் பழைய ஆள் வரமாட்டார். முட்டாள் எனக்கு இது அவர் கடைசி சீட்டில் உட்கார்ந்த அன்றைக்கே உறைக்கவில்லை. பூங்காவுக்குப் போய்வந்த மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது, கண்ண மூடிக்கிட்டு வாண்டு ஊர் வழிய ஒரு தடவை சொல்லு பார்ப்போம் என்றார். துறைமுக வாசலில் ஆரம்பித்துத் தோட்டத்து வாசல்வரை தட்டாமல் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, நான் இவ்வளவும் பண்ணும்போது நீங்க எங்க இருப்பீங்க என்று கேட்டேன். கப்பல்ல கட்டில் நல்லா இருக்குமாம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எப்போதும் வண்டி எண்ணைப் பார்க்காமல் ஏறுகிறவள் என்று என்னைக் கேலி பண்ணியே காலம் தள்ளிய மனுஷன், தான் இல்லாமல் நான் உன்னிடம் வந்து சேர வேண்டும் என்று என்னைப் பழக்கியிருக்கிறார். அங்கே வந்தும் மலை ஏற முடியாமல் போனால் கப்பலிலேயே கிடந்துகொண்டு என்னை மட்டும் அனுப்புவார். அதற்குக்கூட மூச்சு தாங்குமா என்று எனக்குத் தெரியாது.

ஆகையால் அம்மா உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். நீ தோட்டத்தில் காத்திருக்காதே. முள்ளு என்று நீ பெயர் வைத்திருக்கிறாயே அந்த மேலதிகாரி அம்மாளிடம் உண்மையைச் சொல், அவளுக்கும் அப்பா என்று ஒருவர் இருந்திருப்பார். கப்பல் வந்து நிற்கும் அன்று காலை நீ மலையிலிருந்து கீழே வா. நீ துறைமுக வாசலில் நின்றால் நான் உளறிவிட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவார், அதனால் அவர் குறித்து வைத்துப் போனில் உனக்கும் சொல்லியிருக்கும் அந்த பஸ்ஸில் எங்களுக்கு முன்னாலேயே ஏறி, டிரைவருக்குப் பின்னால் முன் சீட்டில் உட்கார்ந்திரு. எப்போதும் அங்கேதானே உட்காருவாய், உன்னை அங்கே பார்த்தால் அவருக்குக் கோபம் வராது. மேலே இறங்கியதும் நீங்கள் பூந்தொட்டி ஏற்றிப் போகும் அந்தச் சின்ன மோட்டார் வண்டி நிற்கட்டும். நோயாளி என்று ஏற்றினால் ஏறமாட்டார், பிரேக் சரியில்லை அப்பா, கொஞ்சம் பாருங்கள் என்று சொல், குழந்தை மாதிரி ஏறிக்கொள்வார். வேலை உடுப்போடு வா. கத்தரியையும் கொண்டு வா. அவரால் பஸ் நிற்கும் இடம்வரைகூட வர முடியாமல் போனால், துறைமுக வாசலில் ஒரு வேலிச்செடி வரிசை இருக்கிறது, படத்தில் பார்த்தேன். கப்பல் மேல்தளத்தில் அவரை நாற்காலியில் உட்கார வைப்பேன். அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அந்த வேலியில் நாலு வெட்டு வெட்டு. காவல்காரன் பிடித்தால் என் அம்மா வெட்டச் சொன்னாள் என்று சொல், நான் இறங்கி வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஏணியில் நிற்கும்போது போன் பேசாதே. உன் காகிதம் சீக்கிரம் கைக்கு வரட்டும், உன் கை பட்டதெல்லாம் தழைக்கட்டும், நீ நூறு வயது சிரித்துக்கொண்டிரு. இந்தக் கடிதம் கிடைத்த விவரத்தைத் தப்பித்தவறியும் போனில் கேட்டுவிடாதே. இது கைக்கு வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, கத்தரியைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை மட்டும் சொல். நீ கீழே வருகிறாய் என்று புரிந்துகொள்வேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், எந்தக் கடையில் கொடுத்தாய் என்று உன்னைக் குடைவார், எதையாவது சொல்லிவை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, வழியில் நின்று நின்றுதான் வருகிறார். அந்த வழி முழுக்க எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது வாண்டு, அதில் என்னைத் தனியாக வர விட்டுவிடாதே.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா