அடுப்பு நட்சத்திரம் எரிந்த வாரம்

அன்பு மகள் சிசுருவுக்கு,

ஒகாயாமா மலையிலிருந்து அம்மா எழுதுவது. செர்ரிப் பூவெல்லாம் கொட்டி முடிந்தது, என் முழங்கால் வலிதான் முடியவில்லை, மற்றபடி சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிரேசிலில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறீர்களா? நான் அனுப்பிய பிளம் ஊறுகாய் வந்து சேர்ந்ததா?

உன் அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். அடுப்பு என்று நாம் சொல்லும் அரைவட்ட நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மங்கலான நட்சத்திரம், எண்பது வருடத்துக்கு ஒரு முறை வெடித்துப் பிரகாசித்து ஒரே வாரத்தில் அடங்கிவிடும், அதைத் தவறவிடக் கூடாதென்று அவர் உன் கல்யாணத்துக்கே வராததை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கும் சொல்லாத ஒன்று உண்டு. மூன்று வருடத்துக்கு முன்பே சர்க்கரை நோய் அவர் கண்ணைத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து தினமும் தொலைநோக்கியில் பார்ப்பது நான், பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு வெளிச்சத்தின் எண்ணைச் சொல்வது நான், அதைக் கணினியில் தட்டி வானியல் சங்கத்துக்கு அனுப்புவதும் நான், பெயர் மட்டும் அவருடையது. என் பெயரையும் சேர்க்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். “மிசோ சூப் கலக்குறவளுக்கு வானத்துல என்னடி வேலை?” என்றார். பிப்ரவரியில் தொலைநோக்கி வைத்திருக்கும் கொட்டகையின் படியில் உறைபனி வழுக்கி விழுந்து முழங்கால் பெயர்ந்து கத்தினேன். உள்ளேயிருந்து, “விழுந்துட்டியா? எண்ணைச் சொல்லிட்டு அழு” என்றார். சொன்னேன் சிசுரு, சொல்லிவிட்டுத்தான் அழுதேன்.

போன செவ்வாய் சாப்பாடு முடித்துக் கொட்டகைக்குப் போகிறேன், தொலைநோக்கியே வேண்டியிருக்கவில்லை, முற்றத்திலிருந்தே தெரிந்தது. அடடா, என்ன வெளிச்சம்! உள்ளே வந்ததும் “என்ன, எப்பவும் போலத்தானா?” என்றார். எப்பவும் போலத்தான் என்றேன். “அனுப்பிடு” என்றார். அனுப்பினேன், அவர் பெயரில், மாற்றமில்லை என்று. பிறகு என் பெயரில், வெடித்துவிட்டது என்று.

காலையில் சங்கத்துக் குவாபாரா கூப்பிட்டார். போனை உன் அப்பாவின் கையிலேயே கொடுத்தேன். “ஐயா, உலகத்துலயே மொதல்ல பார்த்தது உங்க வீட்டம்மாதான்! ஆனா உங்க பேர்ல மாற்றமில்லைன்னு வந்திருக்கே, நீங்க அப்படி எந்த வானத்தைப் பார்த்தீங்க?” என்று அவர் சிரித்தது எனக்கே கேட்டது. கண் போனதைச் சொன்னால் மூன்று வருடப் பொய் வெளியே வரும், சொல்லாவிட்டால் நாற்பது வருடமாக வானம் பார்த்துச் சம்பாதித்த நல்ல பெயர் போகும். அவர் போனை வைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன், கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அன்று முதல் தினமும் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வருகிறார். திட்டுவதில்லை. “ஃபுமிகோ, எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லேன்” என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இந்த வாரம்தான். மேகம் மூடியிருக்கிறது என்று சொல்கிறேன். ஏழு நாளும் துடைத்துவிட்ட மாதிரி வானம். நேற்றோடு அது வெறும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும். குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அப்பா போன் செய்து நட்சத்திரம் எப்படி இருந்தது என்று கேட்டால், அந்த வாரம் முழுக்க அங்கேயும் மேகம் என்று சொல்.

உன் அம்மா,
ஃபுமிகோ