கவ்வாத்துச் சாமிக்குப் படைத்த சாராயம்

1974 ஆகஸ்ட் 12, திங்கள்

நாளை எங்கள் மலையில் கவ்வாத்து தொடங்குகிறது. தேயிலைச் செடிகளை வெட்டுவதற்கு முன், இன்று கத்திகளை வைத்துச் சாமி கும்பிட்டார்கள். படைத்த சாராயத்தைக் கங்காணி எல்லோருக்கும் ஊற்றி, அப்பாவிடமும் நீட்டினார்.

அப்பா குடியை விட்டு மூன்று மாதம். பதுளை ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையோடு குடித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன்.

"வேணாங்க, மாத்திரை போடுறேன்" என்றார் அப்பா.

"மாத்திரை பெருசா, சாமி பெருசா? கத்தி கால்ல விழுந்தாத் தெரியும்டா."

அப்பாவோடு சேர்ந்து குடியை விட்ட செல்லையா மாமா, "எங்க ரெண்டு பேருக்குமே வேணாங்க" என்றார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் பால் காய்ச்சிக் குடுங்கப்பா!" என்றார் கங்காணி.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கிளாஸை வாங்கிவிட்டார். நான் ஓடிப்போய்த் தட்டிவிட்டேன்.

சாமிக்குப் படைத்ததைக் கொட்டினேன் என்று அம்மா என்னை அடித்தார். கங்காணியை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை!

நாளை செல்லையா மாமா அப்பாவுக்குப் பக்கத்து நிரையிலேயே வெட்டப் போகிறாராம். அப்படியும் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா காலில் கத்தி பட்டால் என்னால்தான் என்பார்கள். அந்தக் கிளாஸைக் குடித்து அப்பா செத்திருந்தால், யாரால் என்று சொல்லியிருப்பார்கள்?