பெட்டி கிடைத்துவிட்டது, ஜெனி அப்பா

அன்புள்ள ஜெனி அப்பாவுக்கு,

பெட்டி கிடைத்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எழுதுகிற வேறு எதையும் நீங்கள் காதில் வாங்கமாட்டீர்கள். பெரிய சேதம் ஒன்றும் இல்லை. ஒரு மூலை மட்டும் பெயர்ந்திருக்கிறது, அதுவும் ஆடு கடித்தது என்கிறார்கள்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் அங்கே வந்து நின்றால் எனக்குப் பேச்சு வருவதில்லை. சுற்றிலும் எல்லாரும் அவரவர் ஆட்களுக்காக வேண்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதை உங்கள் பலூன் குழுவின் இணையப் பக்கத்தில் போடலாமா என்று மஞ்சு தம்பி கேட்டார். போடட்டும், நான் உங்களைத் திட்டுகிற இடங்களை மட்டும் வெட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஊரார் படிக்கப்போகிறார்கள் என்பதால் உங்களுக்கே உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் நீங்கள் மெஷின் ஆபரேட்டர். அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியன் மஞ்சுநாத். மற்ற ஆண்கள் ஞாயிற்றுக்கிழமையானால் கறி வாங்கப் போவார்கள். நீங்கள் இருவரும் நம் மத்திகிரி வாடகை வீட்டின் கட்டில்மேல் ஒயரும் பேட்டரியுமாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஆளுயர ரப்பர் பலூன், அதில் ஹீலியம், அதற்குக் கீழே பாராசூட், அதற்கும் கீழே மீன்கடைத் தெர்மோகோல் பெட்டி. பெட்டிக்குள் வெப்பம் அளக்கிற கருவி, ஒரு கேமரா, இருக்கிற இடத்தைச் சொல்கிற சின்னக் கருவி. விமானம் போகிற உயரத்துக்கும் மேலே போய் பலூன் வெடித்துவிடும், பாராசூட் விரிந்து பெட்டி கீழே வரும் என்றீர்கள்.

"மழை வருமா வராதான்னு டிவியிலயே சொல்றானே, அதுக்கு இத்தனை பாடா?" என்று கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "நான் செய்யிற சாமான் தெனமும் லாரி லாரியா போவுது அமலா. எந்த வண்டிக்குள்ள போச்சு, எந்த ஊர்ல ஓடுதுன்னு ஒண்ணும் தெரியாது. ஒண்ணாச்சும் போயிட்டுத் திரும்பி வரட்டுமே" என்றீர்கள். குடைத்துணி வாங்கிக்கொண்டு வாருங்கள், பாராசூட்டை நானே தைத்துத் தருகிறேன் என்றேன். பிளவுஸ் தைக்கிறவளுக்கு அது ஒரு பெரிய வேலையா? ஆரஞ்சு நிறத்தில், எட்டுத் துண்டு ஒட்டுப்போட்டு, இரட்டைத் தையல் அடித்துக் கொடுத்தேன்.

அனுமதிக் கடிதம் வாங்க எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினீர்கள். கடைசியில் கெலமங்கலம் தாண்டி, கேழ்வரகு அறுத்துவிட்ட ஒரு காட்டில் பலூனை விட்டீர்கள். நான் வரவில்லை, கல்யாண வீட்டு பிளவுஸ்கள் தலைக்குமேல் கிடந்தன. இட்லி அவித்து டப்பாவில் போட்டு அனுப்பினேன். பெட்டி கிழக்கே சூளகிரிப் பக்கம் இறங்கும் என்று உங்கள் கணக்கு சொன்னது. காற்றுக்கு உங்கள் கணக்கு தெரியவில்லை போலிருக்கிறது. பெட்டி தெற்கே திரும்பி, அஞ்செட்டி மலைக்குமேல் போகும்போது சிக்னல் விட்டுப்போய்விட்டது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் நீங்களும் மஞ்சுவும் பைக்கில் போய்த் தேடினீர்கள். யானை இருக்கிற காடு என்று நான் கத்தினேன். "பொட்டி மேல யாராச்சும் பாத்தா கூப்புடணும்னு மூணு பாஷையிலயும் எழுதி ஒட்டியிருக்குது, கட்டாயம் கூப்புடுவாங்க" என்றீர்கள்.

கூப்பிடுவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். இரண்டாம் ஷிஃப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முதலுதவி அறைக்கு நீங்களாகவே நடந்து போனீர்களாம். ஏன் நடந்தீர்கள்? பக்கத்தில் நின்ற ஒருவரைக் கூப்பிட உங்களுக்கு வாய் வரவில்லையா? யாருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்கிற உங்கள் நல்ல குணத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கம்பெனி லாக்கரிலிருந்து உங்கள் போனை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அன்று முதல் அதை நான் அணையவிட்டதே இல்லை. சார்ஜ் போடுகிறேன், மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன். தையல் மெஷின் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். ஜெனி பிளஸ் ஒன் போய்விட்டாள், பாடமெல்லாம் போனில் அனுப்புகிறார்கள். என் போனைத்தான் வாங்கிப் பார்க்கிறாள். "அப்பா போன் சும்மாதானே இருக்குதும்மா" என்று ஒருநாள் கேட்டாள். பெட்டியைக் கண்டெடுக்கிறவர்கள் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள், பெட்டி கிடைக்கட்டும், பிறகு எடுத்துக்கொள் என்றேன். அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? பெட்டி கிடைக்க வேண்டும் என்று ஜெபம் செய்வேன். செய்துகொண்டிருக்கும்போதே, கிடைக்காமல் போனாலும் நல்லதுதான் என்று உள்ளே ஒன்று சொல்லும். கிடைத்துவிட்டால் அந்தப் போனை உயிரோடு வைத்திருக்க எனக்கு வேறு என்ன சாக்கு இருக்கிறது?

போன மாதம் மழை விட்ட ஒரு மத்தியானம் போன் அடித்தது. உங்களுடையது இல்லை, என்னுடையது. தெரியாத எண்ணை நான் எடுக்கமாட்டேன், உங்களுக்குத் தெரியும். அன்று நூல் கொண்டுவருகிறவரை எதிர்பார்த்திருந்ததால் எடுத்துவிட்டேன். "அமலா அந்த்ரே நீவேனா?" என்று கன்னடத்தில் ஒரு பெண் குரல். ஆமாம், அமலாதான் என்று தமிழில் சொன்னதும் அவரும் தமிழுக்கு மாறிக்கொண்டார். "ஒரு பொட்டி கெடச்சுக்கீதுங்கம்மா. மரத்துமேல இருந்து மழைக்கு வுழுந்துக்கீது. உங்க பேரும் நம்பரும் போட்டுக்கீது."

என் பேரா, என் நம்பரா என்று நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். அந்த அம்மா பக்கத்தில் யாரையோ படிக்கச் சொல்லி, எண்களைப் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். என் எண்தான். நீங்கள் ஷிஃப்டில் இருந்தால் போன் லாக்கரில் கிடக்கும், நான் எப்போதும் வீட்டில் இருப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். முன்னாலேயே சொன்னால், எவனெவனோ கூப்பிடுவான் என்று நான் சண்டைக்கு வருவேன், அதனால் சொல்லாமல் ஒட்டிவிட்டீர்கள். சரிதானே? இத்தனை மாதம் அடிக்கவே போகாத ஒரு போனுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. அப்புறம் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

அந்த ஞாயிறு மஞ்சு ஒரு வேன் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அஞ்செட்டி போய், அங்கிருந்து நாட்றாம்பாளையம், அங்கிருந்தும் காட்டோரமாகக் கொஞ்ச தூரம். கூப்பிட்டவர் பெயர் மாதம்மா, என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். பெட்டியைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். பாராசூட்டைக் காணோம் என்று பார்த்தால், அது அவர் கேழ்வரகுக் காட்டின் ஓரத்தில் பழைய சேலைகளோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. "பன்னி வருதுங்க. இந்தக் கலரைப் பாத்தா ஒதுங்கிப் போவுது. துணி உங்களுக்கு வேணுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒரு தையல்கூடப் பிரியவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "இதை வுட்டவரு உங்க வூட்டுக்காரருங்களா? அவரு வரலீங்களா?" என்று கேட்டார். மஞ்சு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். "அவருக்கு இன்னைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டுங்க" என்றேன். எப்படி வந்தது அந்தச் சொல், எனக்கே தெரியாது. "ஞாயித்துக்கெழமையும் வேலைங்களா, பாவம்" என்றார் மாதம்மா. ஆமாங்க, லீவே குடுக்கமாட்டேங்கிறான் என்றேன். அந்த வீட்டில் இருந்தவரை நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். கிளம்பும்போது உங்களுக்கு என்று சொல்லி ஒரு பை நிறைய அவரைக்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். குழம்பு வைத்தேன், ஜெனிக்குப் பிடித்திருந்தது.

திரும்பி வரும்போது அஞ்செட்டி ரோட்டில் ஒரு இடத்தில் மஞ்சு வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, "அண்ணி, நாம மட்டும் போய் எடுத்துட்டு வந்துட்டமே" என்றார்.

பேட்டரி உப்பி, கேமரா வீணாகிவிட்டது. ஆனால் உள்ளே இருந்த மெமரி கார்டு நன்றாக இருக்கிறது. அதைப் பார்க்காமலேயே நீங்கள் போய்விட்டீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. மஞ்சு தன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினார். முதலில் உங்கள் கட்டைவிரல். பிறகு உங்கள் முகம், மூக்குதான் பெரிதாகத் தெரிகிறது. "ரெக்கார்ட் ஆவுதா பாரு மஞ்சு" என்கிறீர்கள். அப்புறம், "அமலா குடுத்த இட்லி வண்டியில இருக்குது, ஆறிடும், கெளம்பறதுக்கு முன்னாடி சாப்புடுங்கப்பா." அவ்வளவுதான் உங்கள் பேச்சு. அதுவே எனக்குப் போதும் என்று வாயால் சொல்கிறேன், போதவில்லை.

அதன் பிறகு பெட்டி கிளம்புகிறது. காடும் வேனும் ஆட்களும் கீழே தெரிகிறார்கள். பெட்டியைத் துரத்திக்கொண்டு போக எல்லாரும் வேனுக்கு ஓடுகிறார்கள். வண்டியை ஓட்ட வேண்டியவர் நீங்கள். நீங்கள் மட்டும் ஓடவில்லை. வெறுங்காட்டின் நடுவில் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டே இருக்கிறீர்கள். "நானு எத்தனை வாட்டி ஹாரன் அடிச்சேன் அண்ணி, ஆளு நகரவே இல்ல" என்றார் மஞ்சு. சட்டைக் கலர் மங்குகிறது, நீங்கள் எறும்பளவு ஆகிறீர்கள்.

அதற்குமேல் நான் பார்க்கவில்லை. ஜெனியும் மஞ்சுவும் முழுக்கப் பார்த்துவிட்டார்கள். மேலே பட்டப்பகலில் வானம் கறுப்பாக இருக்கிறதாம், பூமி வளைந்து தெரிகிறதாம், பலூன் வெடிப்பதுகூட இருக்கிறதாம். நான் அந்த எறும்பு வந்ததும் நிறுத்திவிடுகிறேன். நிறுத்தி, பின்னால் தள்ளுகிறேன். அப்போது பெட்டி கீழே இறங்கி வருகிறது, நீங்கள் பெரிதாகிக்கொண்டே வருகிறீர்கள், முகம் வருகிறது, கட்டைவிரல் வருகிறது. மறுபடி போடுவேன். நேற்று நான் இப்படிச் செய்துகொண்டிருப்பதை ஜெனி வாசலில் நின்று பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்துகொண்டாள். பதினாறு வயதுப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டோம் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்குக் கல்லறையிலிருந்து வந்ததும் உங்கள் போனிலிருந்து சிம்மைக் கழற்றிவிட்டு, போனை ஜெனி கையில் கொடுப்பேன். பிறகு அவளையும் மஞ்சுவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வீடியோவை ஓடவிடுவேன். நீங்கள் எறும்பளவு ஆகிற இடம் வரும். அந்த எறும்பும் தெரியாமல் போகிற இடம் வரும்.

நிறுத்தமாட்டேன், ஜெனி அப்பா. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மனைவி,
ஜெனியின் அம்மா,
அமலா