உன்னைத் திட்ட வருகிறேன்

அன்பு மகளுக்கு,

எழுத நினைத்தவை: 1. ஏன் வந்தேன். 2. ஏன் எழுந்தேன். 3. இனி வரமாட்டேன்.

நீ வில்லியாக நடிக்கும் வேடிக்கை மல்யுத்தத்தை ஒருமுறையாவது பார்க்கத்தான் சொல்லாமல் கீழ்பென்னாத்தூர் மண்டபத்துக்கு வந்தேன். நீ ராட்சசி வேடத்தில் மேடை ஏறியதும், "வெளிய போடி பிசாசே" என்று கூட்டம் கத்தியது. பொறுக்க முடியாமல் எழுந்து, "திட்டாதீங்க, எம் பொண்ணுங்க" என்றேன். எல்லாரும் அடங்கி, உனக்குக் கைதட்டினார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா, "கெடுத்துட்டீங்களே பெரியவரே, திட்டறதுக்குன்னே வந்தோம். இனிமே எப்படிங்க வாய் வரும்?" என்றார். வில்லிக்கு வசவுதானே கைதட்டல்; நீ பாடுபட்டுச் சம்பாதித்த அந்த வசவையெல்லாம் ஒரு வார்த்தையில் அழித்துவிட்டேன்.

மூன்றாவதாக எழுதியது தவறு. அப்பாவே திட்டினால்தான் மற்றவர்களும் துணிவார்கள். அடுத்த ஆட்டத்துக்கு வருகிறேன். குரல் எழும்புமா என்றுதான் தெரியவில்லை.

உன் அப்பா