அருவித்துணி

அக்கா,

இன்று காலையில் வத்தக்குழம்புக்கு நல்லெண்ணெயைக் காய வைத்தேன். வாசனை எழும்பியதும் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினேன். உங்கள் கொழுந்தனார், இந்த வயதிலும் வேறென்னவோ நினைத்துக்கொண்டு, சந்தோஷமாக எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, போங்க அங்கிட்டு" என்று விரட்டினேன். உங்கள் பீரோவைக் காலி செய்த நாளிலிருந்து எனக்கு நல்லெண்ணெய் ஆகவில்லை.

நீங்கள் போய்க் காரியமெல்லாம் முடிந்த பிறகு, பீரோ இருக்கிற அறையைப் பூட்டியே வைத்திருந்தோம். குற்றாலச் சாரல் தொடங்குமுன் துணிமணியை வெயிலில் காட்டி, ஆகாததைக் கழித்து, அந்துருண்டை போட்டு அடுக்குவது வருஷா வருஷம் உங்கள் வேலை. இந்த வருஷம் மேற்கே மலையில் மேகம் இறங்க ஆரம்பித்ததும் நான்தான் சாவியை எடுத்தேன். மேல்தட்டில் நீங்கள் வைத்தது வைத்தபடி இருந்தது. கையால் தைத்த ரவிக்கைகள், உங்கள் மகள் கோமதி பெரியவளான வருஷம் அவளுக்குத் தைத்த பாவாடை, ஓரத்தில் உங்கள் பொடித் தையல். அழுகை வரும் என்று நினைத்துத்தான் திறந்தேன். கீழ்த்தட்டில் ஒரு மூட்டை கிடந்தது. அவிழ்த்தேன்.

அய்யே! போன ஆடியில் அருவிக்குப் போட்டுப் போன துணி. பிழியாமல், அலசாமல், ஈரமும் எண்ணெயுமாக யாரோ சுருட்டிக் கட்டி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். பூஞ்சணம் பிடித்து, கறுப்பும் பச்சையுமாக ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தது. இழுத்தால் தோல் உரிகிற மாதிரி உரிந்தது. ஒரு டிராயரின் பைக்குள் சப்பித் துப்பிய மங்குஸ்தான் கொட்டைகள், அதில் செத்த புழு, சுற்றிலும் கரப்பான் முட்டை. அது யாருடைய டிராயர் என்று கேட்க வேண்டுமா? அந்த இடுப்பளவு இந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. நம் ஒரே நாத்தனார், மெட்ராஸில் வாழ்க்கைப்பட்ட மைனி, அவளுடைய வீட்டுக்காரருக்கென்றே நீங்கள் நாடா வைத்துத் தைத்தது.

நான் கல்யாணமாகி வந்த முதல் சாரல் நினைவிருக்கிறதா? தென்காசி ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கிறது. மைனி, அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்த அடுத்த வீட்டுக்காரர்கள். எல்லாரும் கையை வீசிக்கொண்டு இறங்கினார்கள். "துணிமணி எங்க மைனி?" என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். "அருவித்துணிதான் வீட்ல இருக்கே, அதச் சொமந்துட்டு வேற வரணுமாக்கும்" என்றாள்.

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையை முதன்முதலாகக் கேட்டேன். உலகத்தில் எந்த வீட்டில் இப்படி ஒன்று உண்டு? கடையநல்லூர்த் தறிக்காரர்களிடம் நெசவுப் பிசகான துணியாகப் பார்த்து வாங்கி, பொம்பிளைகளுக்கு மார்புக்கு மேல் முடிகிற பாவாடை, ஆம்பிளைகளுக்கு டிராயர், பிள்ளைகளுக்குக் கவுன் என்று சித்திரையிலிருந்தே தைக்க உட்கார்ந்துவிடுவீர்கள். மிஷினில் கொடுத்தால் என்ன என்று கேட்டதற்கு, "மிஷின் தையல் தண்ணி விழுத வேகத்துக்கு விட்டுப்போவும். கைத்தையல்னா இழுத்தாலும் நிக்கும். நம்ம வீட்டுக்கு வந்தவுகளுக்கு அருவியில மானம் போவலாமா?" என்றீர்கள். அவர்களுக்கு மானம் இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது அக்கா?

மூன்று வேளைச் சாப்பாடு. அதற்கு நடுவே நாளுக்கு இரண்டு குளி. காலையில் பேரருவி, சாயங்காலம் ஐந்தருவி. தலையிலிருந்து கால் வரை நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு போவார்கள், வந்து பின்கட்டு நடையில் துணியை அப்படியே அவிழ்த்துப் போட்டுவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். கால் வைத்தால் வழுக்கும். நீங்கள் குனிந்து பொறுக்குவீர்கள். சோடாவும் சவக்காரமும் போட்டுத் தூறலில் நனைந்தபடி கும்முவீர்கள். சாரலில் எங்கே காய்வது? அடுப்புக்கு மேலே கொடி கட்டி, புகையில் உலர்த்துவீர்கள். நான் இட்லி எடுக்கும்போது மைனி வீட்டுக்காரரின் டிராயர் என் நெற்றியில் இடிக்கும். "மறுவாட்டி கொஞ்சம் எளக்கமா தச்சிருங்க, போன வருஷத்த விட இறுக்குது" என்று அவர் பந்தியிலிருந்து குரல் கொடுப்பார். "ஆட்டும்" என்று தலையை அசைப்பீர்கள்.

அந்த 'ஆட்டும்' எனக்கு அந்த டிராயரைவிட அருவருப்பாக இருந்தது. சொல்லிவிடுகிறேன். எல்லாரும் உங்கள் பொறுமையைப் புகழ்ந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது.

அருவிக்கு இவ்வளவு பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர், சாரலில் ஒரு நாள் குளித்ததுண்டா? ஒரே ஒருமுறை மைனி கூப்பிட்டாள் என்று ஆசையாக வந்தீர்கள். அவர்கள் எல்லாரும் தண்ணீருக்குள் போனார்கள். நீங்கள் பாறையில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்பையும் சங்கிலியையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் வந்து, "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். "எனக்குத் துணி தைக்கல ஏட்டி. அடுத்த சாரலுக்குப் பாப்பம்" என்று சிரித்தீர்கள். ஊருக்கெல்லாம் தைத்தவருக்கு ஒரு பாவாடை இல்லை.

போன ஆடியில் நெஞ்சுச்சளி கட்டி, காய்ச்சல் இறங்காமல் போய்ச் சேர்ந்தீர்கள். கடைசி வரை கொடியில் ஈரத்துணி கிடந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. தீட்டுக் கழிய எல்லாரும் எண்ணெய் முழுக்குப் போட வேண்டும் அல்லவா? கிணற்றடியில் வெந்நீர் போட்டு வைத்திருந்தேன். மைனி வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "சாரல் நல்லா அடிக்கி. எப்படியும் முழுக்குப் போடணும்லா, அத அருவியில போட்டாப் போச்சி. ஏட்டி கோமதி, அம்ம தச்ச அருவித்துணி எங்கன இருக்கு?"

கோமதி அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தாள். உங்கள் சாவுத் தீட்டை, நீங்கள் தைத்த துணியைப் போட்டுக்கொண்டு, குற்றாலத்தில் கூச்சல் போட்டுக் கழித்துவிட்டு வந்தார்கள். வரும்போது மங்குஸ்தான் வாங்கி வந்தார்கள். அந்தத் துணியை நான் துவைக்கவில்லை, கையால் தொடவும் இல்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

அந்த மூட்டைதான் இது.

ஆனால் நான் சொல்ல வந்தது மூட்டையைப் பற்றி இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், பின்கட்டில் கோமதி கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். மடியில் உங்கள் ஊதாச் சுங்குடி. பாதி கிழித்தாகிவிட்டது.

"என்னட்டி செய்யுத?"

"அத்தைக்குப் பாவாட தைக்கேன் சித்தி. தெவசத்துக்கும் வந்த மாதிரி, சாரலுக்கும் வந்த மாதிரின்னு எழுதியிருக்காகளாம். அப்பா சொன்னாக."

"பள்ளிக்கூடம் தொறந்தாச்சே, போவலயா?"

"சாரல் முடியட்டும்னு சொல்லுதாக."

எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற பிள்ளை அக்கா. சாரல் முடிய ஆவணி ஆகும். அதற்குள் வகுப்பு எங்கேயோ போய்விடும், அப்புறம் 'எதுக்கு, வீட்லயே இருக்கட்டும்' என்பார்கள். அவளுடைய தையலை எடுத்துப் பார்த்தேன். அதே பொடித் தையல். இழுத்துப் பார்த்தேன், நின்றது.

கத்தரிக்கோலைப் பிடுங்கினேன். மேல்தட்டுத் துணியெல்லாம் அவள் பெட்டிக்குப் போயிற்று. மூட்டையோடு பழைய அருவித்துணி அத்தனையையும் சேர்த்துக் கட்டி, வண்டி துடைக்க ஆகுமே என்று புளியங்குடி எலுமிச்சை லாரிகள் நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோனேன். டிரைவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "யம்மா, இத வச்சித் தொடச்சா லாரில்லா நாறிப்போவும்" என்று திருப்பித் தந்துவிட்டார். லாரிக்கே ஆகாததைத்தான் நாம் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறோம். கொல்லையில் போட்டு மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தினேன்.

அத்தான் வந்தார். தம்பி பெண்டாட்டியிடம் அவர் நேராகப் பேச மாட்டாரே, தூணைப் பார்த்துக் கேட்டார்: "வாரவுகளுக்கு என்னத்தக் குடுக்கதாம்?"

எனக்கும் தூணிடம் பேசத் தெரியும். "அவுகவுக துணிய அவுகவுக கொண்டாரட்டும். கோமதி நாளைக்குப் பள்ளிக்கூடம் போவா. இல்லன்னா இந்த வீட்ல அடுப்பு எரியாது" என்றேன். மறுநாள் கோமதி போனாள்.

தெவசத்துக்கு முந்தின நாள் மைனி வந்திறங்கினாள். தெவசத்துக்கு வந்தவர்கள் யாராவது வந்ததும் வராததுமாக எண்ணெய் தேய்ப்பார்களா? தேய்த்தார்கள். முற்றத்தில் எல்லாரும் பளபளவென்று நிற்க, அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கோமதியைப் பார்த்து, "ஏட்டி, அருவித்துணிய எடுத்தா" என்றாள் மைனி.

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி சொன்னாள்: "இல்ல அத்தை."

"இல்லன்னா? உங்கம்ம இருந்தா இப்படிச் சொல்லுவாளா?"

"எங்கம்ம செத்துப்போயிட்டால்லா. அதான் இல்ல."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. புஸ்தகத்தை இடுப்பில் அணைத்தபடி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மைனி வீட்டுக்காரருக்கு எண்ணெய் கண்ணில் வழிந்தது, துடைத்துக்கொள்ளத் துணி இல்லை. மைனி அண்ணனைப் பார்த்தாள். அத்தான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "கெணத்துல தண்ணி கெடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். இந்த முறை தூணைப் பார்த்துச் சொல்லவில்லை, தங்கச்சி முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

தெவசம் முடிந்த அன்றைக்கே ரயிலேறிவிட்டார்கள். ஊரெல்லாம் என்னைப் பற்றித்தான் பேச்சு. மூத்தவள் மகராசி, இளையவள் ராட்சசி என்கிறார்களாம். சொல்லட்டும்.

உங்களை நினைத்தால் எல்லாரும் உங்கள் கையையும் குணத்தையும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உங்களை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது அக்கா. உங்களைப் பார்த்து அல்ல, உங்களைப் பிழிந்து போட்டவர்களைப் பார்த்து. நாளாக ஆக இதுவும் ஆறிப்போகும், மைனியும் நானும் பழையபடி சிரித்துப் பேசுவோம் என்கிறார் உங்கள் கொழுந்தனார். ஆற விட மாட்டேன். கோமதி படித்து முடித்து, தன் காசில் தனக்கென்று ஒரு பாவாடை வாங்கி, அருவியில் ஆசை தீர நிற்கிறவரைக்கும் இந்த அருவருப்பு எனக்கு வேண்டும். இதை மட்டும் நான் துவைக்க மாட்டேன்.